அக்கரைச் சம்பளமும் இக்கரைக் கணக்கும்

ஆட்டையாம்பட்டிக் கை முறுக்கை அறியாதவர் சேலம், நாமக்கல் சமவெளியில் எவருமிலர். அம்முறுக்கைச் சுற்றும் வீடொன்றின் திண்ணையில் அரை மணி நேரம் அமர்ந்திருப்போமாயின், கணக்கு என்பது யாது என்பதைப் பள்ளிக்குச் செல்லாமலேயே கற்றுக்கொள்ளலாம். ஒரு படி அரிசி மாவுக்கு உளுந்து மாவு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு குடிக்கும், அடுப்புக்கு எவ்வளவு எரிபொருள் போகும் என்பனவெல்லாம் அவ்வீட்டுப் பெண்மணிகளின் விரல் நுனியில் இருக்கும். எடுக்கும்போது உடைந்துபோகும் முறுக்கையும் அவர்கள் கணக்கிலே சேர்ப்பார்கள். நம் சுற்றுவட்டாரத்து லாரிக்காரரும் அத்தகையவரே. டீசல், சுங்கம், ஓட்டுநர் படி என்று ஒரு நடைக்கு அவர் வெவ்வேறு கணக்கு வைத்திருப்பார். வாடகையாக வரும் தொகை முழுவதும் தமக்கு வருமானம் என்று கருதும் லாரிக்காரர் ஒருவரையேனும் நாம் கண்டதில்லை.

இவ்வளவு கணக்கறிந்த மக்கள், கடல் கடந்து பணிபுரியும் தம் பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒரேயொரு கேள்வியைத்தான் கேட்கின்றனர். ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்திலே கூடி நிற்கையில் நம் செவியில் விழும் கேள்வி அது: “உங்கள் மகன் மாதம் எவ்வளவு அனுப்புகிறான்?” அவன் என்ன உண்கிறான், எங்கே உறங்குகிறான், அனுப்பியது போக அவன் கையில் எவ்வளவு நிற்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அங்ஙனம் கேளாதவர்களுள் நாமும் ஒருவராயிருந்தோம் என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

சென்ற ஆண்டு ஒரு மாலை வேளையில், நம் பங்கைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் நம்மைக் காண வந்தார். கணவர் விசைத்தறித் தொழிலாளி. நெஞ்சு நோயால் வேலைக்குச் செல்ல இயலாதவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த மகன் துபாயில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணியில் சேர்ந்து 14 மாதங்கள் ஆகியிருந்தன. மகளுக்கு வரன் வந்திருக்கிறது. ஆனால் மகன் போதிய பணம் அனுப்புவதில்லை என்பதே அம்மையாரின் குறை. “சாமி, மாதம் 46,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறான். 29,000 தான் வருகிறது. மீதிப் பணம் எங்கே போகிறதென்று நீங்கள்தான் கேட்க வேண்டும். தவறான சேர்க்கை ஏதும் இருக்குமோ என்று எனக்கு உறக்கமே வருவதில்லை” என்று கண் கலங்கினார்.

அன்றிரவே தொலைபேசியில் அவ்விளைஞரை அழைத்துப் பேசினோம். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், தாம் எழுதி வந்த ஒரு நாற்பது பக்க நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப் வழியே அனுப்பினார். “சாமி, அம்மாவிடம் இதைக் காட்டிவிடாதீர்கள்; வருத்தப்படுவார்கள்” என்பது அத்துடன் வந்த செய்தி. காட்டத்தான் வேண்டும் என்று அவரை இணங்க வைக்க நமக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அவ்விருவருடைய இசைவையும் பெற்று, பெயரை நீக்கி, அந்த நோட்டில் கண்டதை ஈண்டு எழுதுகிறோம்.

இருபத்து மூன்றால் பெருக்கும் பிழை

அவருடைய சம்பளம் 2,000 திர்ஹாம். தங்குமிடம் நிறுவனத்தாருடையது. சோனாப்பூர் என்று தொழிலாளர் அழைக்கும் பகுதியில் ஓர் அறையில் எண்மர். (இந்தியில் பொன்னூர் என்று பொருள்படும் அப்பெயரை அவ்விடத்துக்கு யார் சூட்டினரோ!) உணவு அவரவர் பொறுப்பு. அறையினர் சேர்ந்து நடத்தும் பொதுச் சமையலுக்கு 450 திர்ஹாம், தொலைபேசிக்கு 75, சவர்க்காரம், முடிவெட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பயணம் ஆகியவற்றுக்கு 125, மருந்து முதலிய எதிர்பாராச் செலவுக்கு 50, ஊருக்குப் பணம் அனுப்பும் கட்டணம் 20. ஆக 720 திர்ஹாம். எஞ்சிய 1,280 திர்ஹாமும் ஒரு காசு குறையாமல் ஊருக்கு வந்திருக்கிறது. கணக்கின் எளிமைக்காக ஒரு திர்ஹாமை 23 ரூபாய் என்று கொண்டால் அது 29,440 ரூபாய். மீதிப் பணம் எங்கே போயிற்று என்று அம்மையார் உறக்கமின்றித் தவித்த 16,560 ரூபாய் வேறெங்கும் போகவில்லை. அவருடைய மகன் உயிர் வாழ்வதற்கு அவ்வளவு ஆயிற்று.

சம்பளம் முழுவதையும் 23ஆல் பெருக்கி, அந்தத் தொகையை நம்மூர் விலைவாசியோடு ஒப்பிடுவதே பெரும்பாலான குடும்பங்கள் செய்யும் முதற்பிழை. திர்ஹாமில் ஈட்டுபவர் திர்ஹாமிலேயே உண்ண வேண்டும். 46,000 ரூபாய் என்பது ஆட்டையாம்பட்டியில் செலவழிப்பதற்குரிய தொகையன்று. அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் துபாயின் மளிகைக் கடையிலும் பேருந்திலும் கரைந்துவிடுகிறது.

இதன் மறுபக்கமும் ஒன்றுண்டு. அங்குச் செல்வோர் முதல் ஆறு மாதம் ஒவ்வொரு பொருளையும் ரூபாயாக மாற்றிப் பார்த்து அஞ்சுவர். ஒரு திர்ஹாமுக்குக் குடிக்கும் தேநீர் 23 ரூபாய் என்று எண்ணி அதை விடுவர். காய்கறி விலையை எண்ணி, வெறும் குப்பூஸ் ரொட்டியையும் தயிரையும் உண்டு நாளைக் கழிப்பர். 45 பாகை வெயிலில் மொட்டை மாடியில் நின்று குளிர்சாதனப் பெட்டியைப் பழுது பார்ப்பவர் அங்ஙனம் உண்டால், மிச்சம் பிடித்த தொகையை மருத்துவமனையில் கொட்டுவார். நாம் கேட்டறிந்த அனுபவசாலிகள் யாவரும் ஒரே முறையைத்தான் சொல்கின்றனர்: அங்கே செலவாவதைத் திர்ஹாமிலேயே எண்ணுக, ஊருக்கு அனுப்பும் தொகையை மட்டும் ரூபாயில் எண்ணுக.

ஈண்டு ஒரு செய்தியைச் சொல்லுதல் பொருத்தமாகும். துபாயின் கடைத்தெருவில் ஒரு காலத்தில் நம்முடைய இந்திய ரூபாயே புழங்கிற்று. 1959இல் வளைகுடாப் பகுதிக்கென்றே நம் நாடு தனி ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. 1966 ஜூன் மாதம் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது, அதுவரை அதனைப் புழங்கி வந்த நாடுகளுள் பல அதனைக் கைவிட்டன. 1971இல் அமீரகக் கூட்டாட்சி பிறந்தது. 1973இல் திர்ஹாம் வந்தது. 1997 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால், டாலருக்கு எதிராக ரூபாய் வீழும்போதெல்லாம் திர்ஹாமின் விலை நமக்கு உயர்கிறது. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 15 ரூபாயாக இருந்த திர்ஹாம், 2023இன் இறுதியில் 22 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஊரில் உள்ளோர் இதைச் சம்பள உயர்வு என்று எண்ணி மகிழ்கின்றனர். அவருக்கோ அதே 2,000 திர்ஹாம்தான். 2018 சனவரி முதல் அங்கு வாங்கும் பெரும்பாலான பொருள்களுக்கு நூற்றுக்கு 5 வீதம் மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்துகொண்டது. சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்ற பெருமை இன்றும் உண்மையே. ஆயினும் செலவுக்கே வரியில்லை என்று அதனை விரித்துப் பேசுவோர் பழைய கதையைப் பேசுகின்றனர்.

காசோலை வரும் மாதம்

இதே பங்கில், அதே தெருவில், இரண்டு வீடு தள்ளி மற்றொரு குடும்பம். அவ்வீட்டு மகன் பட்டதாரி; துபாயில் ஓர் அலுவலகத்தில் கணக்கர்; சம்பளம் 7,500 திர்ஹாம். மனைவியோடும் சிறு மகளோடும் வசிக்கிறார். ‘1,72,000 ரூபாய் சம்பளக்காரர்’ என்பது ஊரார் அவருக்குச் சூட்டிய பட்டம். அவர் பெற்றோருக்கு ஒழுங்காகப் பணம் அனுப்புவதில்லை என்பது ஊரார் கூறும் பழி. நாம் சில ஆண்டுகளுக்கு முன் பத்து நாள் அந்நகரில் தங்க நேர்ந்தபோது, அவ்வில்லத்தில் ஓர் இரவு உணவருந்தினோம். பழி கூறும் ஊரார் அவ்விரவு உடனிருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அங்கே வீட்டு வாடகை ஓராண்டுக்கென்று பேசப்படுகிறது. அதனை மாதாமாதம் கொடுப்பது அரிது. ஆண்டுக்கு இரண்டு அல்லது நான்கு காசோலைகளாக முன்தேதியிட்டு, குடிபுகும்போதே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். வைப்புத்தொகையும் தரகும் தனி. துபாயில் வாடகை மிகுதியென்பதால் பலரும் அடுத்துள்ள ஷார்ஜாவில் வீடெடுத்து, நாள்தோறும் துபாய்க்கு வந்துபோகின்றனர். இக்குடும்பமும் அவ்வாறே. ஆண்டு வாடகை 36,000 திர்ஹாம், நான்கு காசோலை, ஒவ்வொன்றும் 9,000. காசோலை வங்கிக்குப் போகும் மாதத்தில் வாடகை மட்டுமே சம்பளத்தைவிட 1,500 திர்ஹாம் மிகுதி! கணக்கில் பணமின்றிக் காசோலை திரும்பினால் சிறைக்கும் போக நேரும் என்ற நிலை 2022 சனவரியில் பெரிதும் தளர்த்தப்பட்டது. எனினும் நீதிமன்ற நடவடிக்கையும், நாட்டை விட்டு வெளியேறத் தடையும் வரக்கூடும் என்ற அச்சம் நீங்கவில்லை.

நம் பகுதி மக்கள் இடறுவது இவ்விடத்தில்தான் என்பது நம் கருத்து. விசைத்தறிக்கூலி வாரக்கூலி. வாரச் சந்தைக்குச் சாமான் வாங்கி, வாரச் சீட்டுக் கட்டி, வாரத்தோடு வாரம் கணக்கை முடித்துப் பழகியவர்கள் நாம். துபாய் மாதச் சம்பளம் தருகிறது. ஆனால் ஆண்டுக் கணக்குக் கேட்கிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், மனைவி மக்களின் விசாவும் மருத்துவக் காப்பீடும், ஊருக்கு வந்துபோகும் விமானக் கட்டணம் ஆகியவை மாதந்தோறும் தலைகாட்டுவதில்லை. அவை வாரா மாதத்தில் கையில் நிற்கும் பணம் மிச்சம் போலத் தோன்றும். அதை ஊருக்கு அனுப்பிவிட்டாலோ, தவணையில் ஒரு பொருளை வாங்கிவிட்டாலோ, அடுத்த மாதம் கடன் அட்டைதான் கதி.

அவ்வில்லத்துப் பெண்மணி சமையலறைக் கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டியிருந்தார். அதில் மாதக் கணக்கே கிடையாது. ஆண்டு வரவு 90,000 திர்ஹாம். வாடகை 36,000. மின்சாரம், தண்ணீர், எரிவாயு 5,400. கோடையில் நான்கு மாதம் குளிர்சாதனம் ஓயாமல் ஓடுவதால் அந்தக் கட்டணம் குளிர்கால மாதத்தைப்போல் இரு மடங்காகும். எனவே குளிர்காலத்திலேயே எடுத்து வைக்கிறார். உணவு 18,000. குழந்தையின் பள்ளிக்கும் பள்ளிப் பேருந்துக்கும் 9,000. அலுவலகப் போக்குவரத்து 4,200. தொலைபேசி, இணையம் 4,800. விசாவும் காப்பீடும் ஆண்டுக்குப் பங்கிட்டால் 2,500. மூவர் ஊருக்கு வந்துபோக 4,000. கூட்டினால் 83,900. எஞ்சுவது ஆண்டு முழுவதற்கும் 6,100 திர்ஹாம். சேமிப்பு, நோய், பெற்றோர், சுபகாரியம், துக்ககாரியம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ரூபாயில் ஏறக்குறைய 1,40,000. மாதத்துக்கு 12,000கூட வராது.

இப்போது இரு வீட்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போம். 2,000 திர்ஹாம் வாங்கும் தொழிலாளி ஆண்டுக்கு 15,360 திர்ஹாமை ஊருக்கு அனுப்புகிறார். 7,500 வாங்கும் கணக்கருக்கோ அனைத்தும் போக மிஞ்சுவதே 6,100. ஏறக்குறைய நான்கு மடங்குச் சம்பளம் பெறுபவரைவிட இவர் இரண்டரை மடங்கு அனுப்புகிறார். எனவே தொழிலாளி நல்ல மகன், கணக்கர் நன்றி கெட்ட மகன் என்பது ஊரார் தீர்ப்பு. ஆனால் தொழிலாளியின் சேமிப்பு எங்கிருந்து வருகிறது? எண்மர் படுக்கும் அறையிலிருந்து வருகிறது. மணம் செய்யாமல் காத்திருக்கும் வயதிலிருந்து வருகிறது. கணக்கர் அந்தப் பணத்தில் தம் மனைவியோடும் மகளோடும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார். கணவன் ஒரு நாட்டிலும் மனைவி ஒரு நாட்டிலுமாகப் பத்தாண்டு, பதினைந்தாண்டு கழிந்த குடும்பங்களை நம் பணிக்காலத்தில் போதுமான அளவு கண்டிருக்கிறோம். ஆதலால் அந்த 36,000 திர்ஹாம் வாடகையை வீண் செலவு என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. குடும்பத்தை அழைத்துக்கொள்ள 4,000 திர்ஹாம் சம்பளமோ, 3,000 திர்ஹாமும் தங்குமிடமுமோ இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அந்த எல்லையைத் தொட்டவுடன் அழைத்துக்கொள்வது அறிவுடைமையாகாது. 7,500 பெறுபவர் நிலையே இஃதாயின் 4,000 பெறுபவர் நிலை யாதாகும் என்பதை வாசகர்களே கணக்கிடலாம்.

ஷார்ஜாவில் வாடகை குறைவு என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. காலையும் மாலையும் அந்நெடுஞ்சாலையில் ஊர்திகள் ஊர்ந்து செல்வதை நாம் நேரில் கண்டோம். பேருந்தில் வந்தால் நாள்தோறும் மூன்று மணி நேரம் போகிறது. சொந்தக் காரில் வந்தால், துபாயின் சாலிக் சுங்க வாயிலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் 4 திர்ஹாம். 2025 சனவரி 31 முதல் நெரிசல் நேரத்தில் 6. எரிபொருளும் வாகன நிறுத்தக் கட்டணமும் வேறு. வாடகையில் மிஞ்சியதைச் சாலையில் கொடுப்பவர்கள் உண்டு. துபாய்க்குள்ளேயே மெட்ரோ இரயிலை ஒட்டி வசிப்பவருக்கு 3 முதல் 7.50 திர்ஹாமுக்குள் பயணம் முடிந்துவிடும். 2009இல் தொடங்கிய அந்த இரயில்தான் ஏழைப் பணியாளர்க்கு அந்நகரம் செய்த பேருதவி என்று நமக்குத் தோன்றிற்று. ஊத் மேத்தாவில் 1967இல் எழுந்த புனித மரியன்னை ஆலயத்துக்கு அதிலேதான் நாமும் சென்றோம். முன்பு வெள்ளிக்கிழமையே விடுமுறையாதலால் பெருந்திரளான மக்கள் வெள்ளியன்று திருப்பலிக்கு வருவர். 2022 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு என மாறிவிட்டது. தமிழ்த் திருப்பலி முடிந்து வெளியே வந்த கூட்டத்தில், அறைக்கு ஆள் தேடுவோரும் அறை தேடுவோரும் பேசிக்கொண்டதைக் கேட்டால், வாடகைதான் அந்நகரில் அனைவருக்கும் முதற்கவலை என்பது விளங்கும்.

புறப்படுமுன் விழுந்த கடன்

மீண்டும் அம்மையாரின் வீட்டுக்கு வருவோம். மகனுடைய நோட்டு ஒரு பாதிதான். மறுபாதி, ஊருக்கு வந்த 29,440 ரூபாய் என்ன ஆயிற்று என்பது. அதனை எழுதி வரும்படி கேட்டோம். அம்மையார் எழுதி வந்தார். அப்போதுதான் நோய் எங்கேயிருக்கிறது என்பது புலனாயிற்று.

மகனை அனுப்ப 1,50,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கின்றனர். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. மாதம் 4,500 ரூபாய் வட்டி மட்டும் கட்டி வந்திருக்கின்றனர். 14 மாதத்தில் 63,000 ரூபாய் கட்டியும் அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. மகள் திருமணத்துக்கென்று ஏலச்சீட்டு ஒன்று. வீட்டு முன்புறச் சுவர் எழுப்பியது ஒன்று. ‘துபாய்க்காரர் வீடு’ என்று உறவினர் எதிர்பார்த்த மொய் ஒன்று. இவற்றுள் எதுவும் ஊதாரித்தனமன்று. மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 36. அந்த வட்டியைச் சுமந்துகொண்டு ஏலச்சீட்டுக் கட்டுவதுதான் பிழை.

அக்கடன் தேவையானதுதானா? நம் நாட்டின் குடிபெயர்வுச் சட்டம் 1983ஆம் ஆண்டினது. பதிவு பெற்ற முகவர் ஒருவர் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் கட்டணமாகப் பெறலாம். வேலைக்கு ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கலாகாது என்று 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகச் சட்டம் கூறுகிறது. இவ்விளைஞரிடம் 1,50,000 வாங்கிய முகவர் 30,000 ரூபாய்க்குத்தான் ரசீது கொடுத்திருந்தார். மீதிக்கு ரசீது கேட்டால் விசா கைநழுவிவிடும் என்று அஞ்சிக் கேளாமல் விட்டுவிட்டனர். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்குச் செல்வதாயின் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். அவர்களுக்குரிய ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’ காப்பீட்டுக்கு இரண்டாண்டுக்குக் கட்டணம் 275 ரூபாய்தான். காப்பீட்டுத் தொகையோ 10 இலட்சம். சுற்றுலா விசாவில் சென்று அங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்று அழைக்கும் ஆசை வார்த்தைக்கு இணங்குவோர் இவ்விரண்டையும் இழந்துவிடுகின்றனர்.

பணி ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தைப் பார்ப்போர், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. ஓராண்டு நிறைந்தபின் பணியை விட்டு வருகையில் கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள். 2,000 திர்ஹாமில் அடிப்படை 1,200 மட்டுமே என்று எழுதியிருந்தால் ஆண்டுக்கு 840 திர்ஹாம் சேரும். 2,000 முழுவதும் அடிப்படை என்றிருந்தால் 1,400. கையெழுத்திடுமுன் ஒரு வரியைப் படிப்பதில் இவ்வளவு இருக்கிறது.

பணம் அனுப்புவதிலும் அவ்வாறே. வாரக்கூலிப் பழக்கத்தால் மாதம் நான்கு முறை அனுப்பச் சொல்லும் பெற்றோர் உண்டு. ஒரு முறைக்கு 20 திர்ஹாம் கட்டணம் என்றால் நான்கு முறைக்கு 80. ஒரே முறை அனுப்பினால் மிஞ்சுவது 1,380 ரூபாய். அதைக்கொண்டு இங்கே ஒரு வாரத்து மளிகை வாங்கலாம்.

அம்மையார் வீட்டில் செய்தது இதுதான். மகளுக்கென்று பெட்டியில் வைத்திருந்த நகையை அடகு வைத்துக் கந்துக் கடனை அடைக்கலாம் என்று முதலில் சொன்னோம். வங்கி நகைக்கடனுக்கு வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தை ஒட்டித்தான் இருக்கும். “பெண்ணின் நகையை வைத்து மகன் கடனை அடைத்தார்கள் என்று வரன் வீட்டார் கேள்விப்பட்டால்?” என்று அம்மையார் மறுத்துவிட்டார். கணக்கு நம் பக்கம் இருந்தது. ஆயினும் ஊர் அவர் பக்கம் இருந்தது என்பதால் நாம் வற்புறுத்தவில்லை. மாற்று வழியாக, ஏலச்சீட்டை நிறுத்தி, வட்டியோடு மாதம் 12,000 ரூபாய் அசலிலும் கட்டத் தொடங்கினர். அடுத்த மாதமே வட்டியில் 360 ரூபாய் குறைந்தது. அதற்கடுத்த மாதம் மேலும் 360. 13 மாதத்தில் கடன் தீரும் என்று கணக்கு. திருமணத்தை அதுவரை தள்ளிவைக்க வரன் வீட்டார் இசைந்தனர். கேட்கும்வரை இசையமாட்டார்கள் என்றே அம்மையார் எண்ணியிருந்தார்.

நாமும் ஒரு வரி

அந்த நோட்டில் நாம் இதுவரை சொல்லாத ஒரு வரி உண்டு. ஒரு மாதத்துப் பக்கத்தில் மட்டும் உணவு 450 என்பதற்குப் பதிலாக 350 என்றிருந்தது. அதற்குக் கீழே, ‘கோவில் திருவிழா 100’. அவ்வாண்டுத் திருவிழாவுக்கு வெளிநாட்டில் பணிபுரியும் பங்கு மக்கள் தாராளமாக உதவ வேண்டும் என்று நாமே அறிக்கை வாசித்தோம். கொடுத்தவர் பெயரையும் தொகையையும், பெரிய தொகை முதலில் வருமாறு பலகையில் எழுதி வைத்ததும் நாமே. 100 திர்ஹாம், 2,300 ரூபாய், அந்தப் பலகையில் கீழிருந்து நான்காவது இடத்தில் இருந்தது. அதனைப் பார்த்து, “துபாயில் இருப்பவன் இவ்வளவுதானா?” என்று ஒருவர் சொன்னதும், நாம் அதை மறுக்காமல் நின்றதும் இப்போது நினைவுக்கு வருகின்றன.

இவ்வாண்டுத் திருவிழாவில் பலகையில் பெயர்கள் மட்டும் அகர வரிசையில் இருந்தன, தொகை எழுதப்படவில்லை. வசூல் குறைந்தது உண்மை. பங்குப் பேரவை உறுப்பினர் இருவர் அதனால் நம்மீது வருத்தம் கொண்டனர். தேர்ப்பவனியில் மின்விளக்கு வரிசை ஒன்று குறைந்தது.

அம்மையாரின் வீட்டில் இப்போது இரண்டு நோட்டுகள் உள்ளன. ஒன்று அவருடையது, மற்றொன்று மகன் அனுப்பும் படங்களைப் பார்த்து மகள் எடுத்தெழுதும் படி. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தாயும் மகனும் தொலைபேசியில் இரண்டையும் ஒத்துப் பார்க்கின்றனர். எவ்வளவு அனுப்பினாய் என்பது கடைசிக் கேள்வியாகிவிட்டது. சென்ற வாரம் நாம் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தபோது அழைப்பு வந்தது. அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு, நோட்டை விரித்து, “சாப்பாட்டு வரியில் எவ்வளவு போட்டிருக்கிறாய், அதை முதலில் சொல்” என்றார்.